போன் போட்டுக் கேட்டவர் யார்?

விளையாட்டுப் பத்திரிகையாளர்களுக்கும் பிளாக் (வலைப்பதிவு), யூடியூப்காரர்களுக்கும் நடக்கும் சண்டை ஒவ்வொரு ஐபிஎல் சீசனிலும் புதிதாகக் கிளம்பிவிடுகிறது. ‘மைதானத்துப் பக்கமே போகாமல் டிவியைப் பார்த்து வீடியோ போடுகிறவர்கள்’ என்று பத்திரிகைக்காரர்கள் பிளாக், யூடியூப்காரர்களைச் சொல்வார்கள். ‘கிரிக்கெட் போர்டு போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு போர்டு சொல்வதை அப்படியே எழுதுகிறவர்கள்’ என்று அவர்கள் பத்திரிகைக்காரர்களைச் சொல்வார்கள். நாமும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு கமெண்டில் அடித்துக்கொள்கிறோம். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்து வளர்ந்தவன் நான். இன்று கிரிக்கெட், செஸ் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி யூடியூப் கற்றுக்கொடுத்தது. இரண்டு தரப்பும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். எழுதுகிறவர் கழுத்தில் மீடியா பாஸ் தொங்குகிறதா என்று பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை. அந்தச் செய்திக்காக அவர் யாரிடமாவது போன் போட்டுக் கேட்டாரா, சொன்னதைச் சரிபார்த்தாரா, ஆட்டத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தாரா என்று பாருங்கள். செய்தவருக்கு மரியாதை கொடுங்கள். அவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் என்ன?

இந்தச் சண்டை முதலில் பெரிதாக வெடித்தது அமெரிக்காவில். 2008 ஏப்ரலில் எச்பிஓ டிவியில் பாப் கோஸ்டாஸ் நடத்திய விவாத நிகழ்ச்சி. ஒரு நாற்காலியில் புலிட்சர் பரிசு வாங்கிய பத்திரிகையாளர் பஸ் பிஸ்ஸிங்கர். பக்கத்தில் டெட்ஸ்பின் என்ற விளையாட்டு பிளாக்கைத் தொடங்கிய வில் லீச். பிஸ்ஸிங்கர் கையில் ஒரு ஃபைலோடு வந்திருந்தார். உள்ளே அந்த பிளாக்கிலிருந்து பிரிண்ட் எடுத்த பக்கங்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கெட்ட வார்த்தையில் திட்ட ஆரம்பித்தார். பிளாக்குகள் எழுத்தின் தரத்தையே கெடுக்கின்றன, கொடூரமாக எழுதுகின்றன என்பது அவர் கோபம். லீச் பெரும்பாலும் பொறுமையாகவே பதில் சொன்னார். கத்தியவர் பக்கம் நியாயம் இல்லாதது மாதிரி தெரிந்துவிட்டது. ஆனால் அவர் கேள்வியில் விஷயம் இருந்தது. வீரர்கள் பார்ட்டியில் இருக்கும் போட்டோவைப் போட்டுக் கிளிக் வாங்குவது அந்த பிளாக்கில் நடந்துகொண்டுதான் இருந்தது.

அதே டெட்ஸ்பின் ஐந்து வருஷம் கழித்துச் செய்ததைப் பாருங்கள். மான்டை டேயோ என்று நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர். 2012 செப்டம்பரில் அவருடைய பாட்டியும் காதலியும் சில மணி நேர இடைவெளியில் இறந்துபோனதாகவும், அந்தத் துக்கத்தோடு அவர் ஆடியதாகவும் நாட்டின் பெரிய பத்திரிகைகளும் டிவிகளும் உருகி உருகி எழுதின. காதலி ஸ்டான்போர்டு மாணவி, கார் விபத்தில் சிக்கியவர், அப்புறம் ரத்தப் புற்றுநோய் வந்து இறந்தவர். இப்படிக் கதை போய்க்கொண்டே இருந்தது. டெட்ஸ்பினுக்கு ஒரு துப்பு வந்தது. டிமோதி பர்க், ஜாக் டிக்கி என்ற இருவர் தோண்ட ஆரம்பித்தார்கள். ஸ்டான்போர்டில் அந்தப் பெயரில் மாணவி இல்லை. இறப்புப் பதிவு இல்லை. அந்தப் பெண்ணுடையது என்று சொல்லப்பட்ட போட்டோ, உயிரோடு இருக்கும் வேறொரு பெண்ணுடையது. 2013 ஜனவரி 16 அன்று வெளியிட்டார்கள்: பாட்டி இறந்தது நிஜம், அப்படி ஒரு காதலி பிறக்கவே இல்லை. வேறொருவர் போலிக் கணக்கு வைத்து டேயோவை ஏமாற்றியிருந்தார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பெரிய விளையாட்டு டிவியான ஈஎஸ்பிஎன்னுக்கும் இந்த விஷயம் ஏற்கெனவே எட்டியிருந்தது. டேயோவின் பேட்டி கிடைக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். டெட்ஸ்பினுக்கு அவர் பேட்டி கொடுக்கப்போவதில்லை, அதனால் அவர்கள் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. பத்திரிகைத் தொழிலின் அரிச்சுவடியான வேலையை, ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தைக் கூப்பிட்டு ‘இந்தப் பெயரில் யாராவது படித்தார்களா’ என்று கேட்கும் வேலையை, யார் பத்திரிகைக்காரரே இல்லை என்று திட்டப்பட்டார்களோ அவர்கள் செய்தார்கள்.

உடனே பிளாக்காரர்கள் காலரைத் தூக்கிவிட வேண்டாம். நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. 2009-ல் தேர்தல் காரணமாக ஐபிஎல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது நினைவிருக்கும். அப்போது ‘ஃபேக் ஐபிஎல் பிளேயர்’ என்று ஒரு பிளாக் கிளம்பியது. கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணிக்குள் இருக்கும் வீரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர், பட்டப்பெயர் வைத்துக் கேப்டனையும் ஓனரையும் கோச்சையும் கிழித்துக்கொண்டிருந்தார். லட்சக்கணக்கில் படித்தோம். எழுதுவது யார் என்று நாடே துப்பறிந்தது. அந்தச் சமயத்தில் ஆகாஷ் சோப்ராவும் சஞ்சய் பாங்கரும் அணியிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட, சந்தேகம் அவர்கள் மேலும் விழுந்தது. அடுத்த வருஷம் ஆள் வெளியே வந்தார். பெங்களூரைச் சேர்ந்த மார்க்கெட்டிங்காரர். கிரிக்கெட் வீரரே இல்லை. எழுத்து சுவாரசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவர் எழுதியதை வைத்து, தொழிலில் இருக்கும் இரண்டு வீரர்களின் பெயர் கெடும் நிலை வந்தது. இதில் பெரிய பத்திரிகைகளின் பங்கையும் சொல்ல வேண்டும். எழுதுவது நிஜமாகவே வீரர்தானா என்று தெரியாமலேயே அதைச் செய்தியாக்கி ஊரெல்லாம் பரப்பியது அவர்கள்தான்.

சரி, இங்கே பத்திரிகையாளர்கள் மேல் கோபம் ஏன்? நெருக்கம்தான் காரணம். போர்டையும் வீரரையும் பகைத்துக்கொண்டால் பேட்டி கிடைக்காது, பேட்டி இல்லையென்றால் ஆபீஸில் மதிப்பு இல்லை. வருஷக்கணக்கில் இப்படி ஓடியதால் சிலருக்கு, பேட்டி கொடுப்பது வீரரின் கடமை என்ற நினைப்பே வந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் விருத்திமான் சாஹா வெளியிட்ட வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்திருப்பீர்கள். இந்திய அணிக்காக 40 டெஸ்ட் ஆடிய விக்கெட் கீப்பர். பேட்டிக்கு இசையவில்லை, போனில் கூப்பிடவில்லை என்பதற்காக, இனி உன்னைப் பேட்டி எடுக்கவே மாட்டேன், இதை ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்கிற தொனியில் ஒரு மூத்த பத்திரிகையாளர் அவருக்கு அனுப்பியிருந்தார். கிரிக்கெட் போர்டு விசாரணைக் குழு அமைத்து அந்தப் பத்திரிகையாளருக்கு இரண்டு வருஷம் தடை விதித்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ரசிகனுக்குச் செய்தி கொண்டுவரக் கொடுத்த பாஸை, வீரரை மிரட்டப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த நோய் பத்திரிகைக்கு மட்டும் வருவதில்லை. 2025 ஐபிஎல்லில் அஸ்வின் சிஎஸ்கே-வுக்கு ஆடினார். அவருடைய யூடியூப் சேனலில் பேச வந்த ஒருவர், சிஎஸ்கே-வின் சுழற்பந்து வீச்சாளர் நூர் அகமதை அணியில் சேர்ப்பது பற்றி விமர்சனமாகச் சொன்னார். அது ஏப்ரலில் பெரிய சர்ச்சையானது. பிரஸ் மீட்டில் சிஎஸ்கே கோச் ஸ்டீபன் ஃபிளெமிங்கிடம் கேட்டபோது, அப்படி ஒரு சேனல் இருப்பதே தெரியாது என்றார். கடைசியில் அந்த சீசன் முழுக்க சிஎஸ்கே ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று சேனலே அறிவித்துவிட்டது. அஸ்வின் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை உண்டு என்று என் பதிவுகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கேரம் பால் எப்படிப் போடுவது என்பதிலிருந்து ஏலத்துக்கு அணிகள் எப்படித் திட்டமிடும் என்பது வரை தமிழில் உட்கார்ந்து சொல்லித்தந்த மனிதர். ஆனாலும் யோசியுங்கள். தமிழில் கிரிக்கெட்டை மிக ஆழமாகப் பேசும் ஒரு சேனல், தமிழர்கள் அதிகம் பார்க்கும் அணியைப் பற்றிப் பேச முடியாமல் போனது. அப்போது அவர் சம்பளம் வாங்கிய இடம் அது, வேறு வழி இல்லை. பத்திரிகையாளரின் வாயை நெருக்கம் கட்டியது போல இங்கே ஒப்பந்தம் கட்டியது. அந்த இடத்தில்தான் எந்த அணியிடமும் சம்பளம் வாங்காத ஒரு ரிப்போர்ட்டர் தேவைப்படுகிறார்.

செஸ்ஸுக்கு வருவோம், ஏனென்றால் அங்கே இந்தச் சண்டை வேறு மாதிரி தீர்ந்திருக்கிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டத்தில், அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55-வது நகர்த்தலில் ரூக்கைத் தப்பாக எஃப்2-க்கு வைத்தார். குகேஷ் முகம் மாறியது, தண்ணீர் குடித்தார், கொஞ்ச நேரத்தில் 18 வயதில் உலக சாம்பியன். அன்று ராத்திரி எல்லா டிவியிலும் ஒரு பழைய வீடியோ திரும்பத் திரும்ப ஓடியது. பதினோரு வயசுப் பையன் கேமராவைப் பார்த்து, உலகிலேயே மிக இளம் வயது செஸ் சாம்பியன் ஆக வேண்டும் என்கிறான். அதை எடுத்து வைத்திருந்தது செஸ்பேஸ் இந்தியா என்ற யூடியூப் சேனல். அதை நடத்தும் சாகர் ஷாவும் அம்ருதா மோகலும் ஊர் ஊராக ஓபன் டோர்னமெண்ட் ஹால்களுக்குக் கேமராவோடு போய், யார் என்றே தெரியாத பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். சாகர் தானே இன்டர்நேஷனல் மாஸ்டர். ஒரு நகர்த்தல் ஏன் தப்பு என்று யாரையும் கேட்காமல் புரியும். நம் பத்திரிகைகள் அப்போது அந்தப் பிள்ளைகளுக்கு ரேட்டிங்கோடு இரண்டு வரி கொடுத்தன. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் திணிக்க முடியாது. ஆனால் அந்த ஹாலுக்கு ஏழு வருஷம் முன்னால் போயிருந்தவர்கள் யார் என்பதை மறக்கக் கூடாது.

பத்திரிகை மட்டுமே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. 2016 ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் ஸ்டார் என்ற அமெரிக்க நாளிதழ், ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு பயிற்சியாளர்கள் மீது வந்த பாலியல் புகார்களை எப்படி அமுக்கியது என்று எழுதியது. அதைப் படித்துவிட்டு ரேச்சல் டென்ஹாலண்டர் என்ற முன்னாள் ஜிம்னாஸ்ட் அந்தப் பத்திரிகைக்கு ஒரு மெயில் அனுப்பினார். தன்னிடம் அத்துமீறியவர் பயிற்சியாளர் இல்லை, அணி மருத்துவர் என்று. லாரி நாசர் என்ற அந்தப் பெயர் செப்டம்பரில் அச்சானது. 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் கோர்ட்டில் அவர் முன்னால் நின்று பேசினார்கள். இப்படி ஒரு செய்தியைப் போட வக்கீல் வேண்டும், கோர்ட் ஆவணங்களைத் தோண்ட மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்கும் முதலாளி வேண்டும், வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால் நிற்கும் ஆசிரியர் வேண்டும். வேலை முடிந்து ராத்திரி வீடியோ எடிட் செய்யும் தனி ஆளால் இது ஆகாது. பத்திரிகை செத்தால் நல்லது என்று எழுதும் தம்பிகள் தயவுசெய்து இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பெரிய விஷயத்துக்குக்கூடப் போக வேண்டாம். 2024 மார்ச்சில் மும்பையில் ரஞ்சி அரையிறுதி. டாஸ் ஜெயித்த தமிழ்நாடு கேப்டன் சாய் கிஷோர் பேட்டிங் எடுத்தார், தமிழ்நாடு 146-க்குச் சுருண்டு, கடைசியில் இன்னிங்ஸ் தோல்வி. ஆட்டம் முடிந்ததும் கோச் சுலக்ஷன் குல்கர்னி, முதல் நாள் டாஸ் போட்ட ஒன்பது மணிக்கே தோற்றுவிட்டோம் என்று செய்தியாளர்களிடம் போட்டுடைத்தார். கேப்டனை ஒரு கோச் இப்படி வெளியே விட்டுக்கொடுக்கலாமா என்று தினேஷ் கார்த்திக் முதல் தெருமுனை ரசிகர் வரை கொதித்தார்கள். யூடியூபில் இதை வைத்து எத்தனை வீடியோ! அத்தனைக்கும் அடிப்படை, ரஞ்சி ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்து கோச்சிடம் கேள்வி கேட்ட சில பேர். அந்தச் சில பேரும் வருஷா வருஷம் குறைகிறார்கள். கோவையிலோ சேலத்திலோ ரஞ்சி ஆட்டம் என்றால், நான்கு நாள் ஆளை அனுப்பி ரூம் போட்டுத் தரப் பத்திரிகைகள் யோசிக்கின்றன.

என்னைக் கடுப்பேற்றுவது இந்த இடம். ரிப்போர்ட்டர் நாலு நாள் வெயிலில் இருந்து எடுத்த செய்தியைப் பத்து நிமிஷத்தில் எடுத்து, ‘அதிர்ச்சி! உடைந்த ரகசியம்!’ என்று தம்ப்நெயில் போட்டு வாசிக்கிறார்கள், பெயர்கூடச் சொல்வதில்லை. எதிர்ப்பக்கம் மட்டும் யோக்கியமா? பிளாக்காரர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எடுத்த புள்ளிவிவரத்தை ‘சமூக வலைதளத்தில் வைரல்’ என்று போட்டுப் பக்கத்தை நிரப்புகிறார்கள். அதற்குப் பெயர் இருக்கிறது ஐயா, அதைத் தயாரித்த மனிதருக்கும் பெயர் இருக்கிறது.

1993-ல் கிரிக்இன்ஃபோ என்ற கிரிக்கெட் இணையதளத்தை ஆரம்பித்தவர்கள் யார்? வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருந்துகொண்டு, ஸ்கோர் தெரியாமல் தவித்து, சாட் ரூமில் பந்துக்குப் பந்து டைப் அடித்துக்கொண்டிருந்த ரசிகர்கள். இன்று பெரிய பத்திரிகையாளர்களே அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மாநில கிரிக்கெட் சங்கம் லீக் ஆட்டங்களுக்கும் ரஞ்சிக்கும் பாஸ் கொடுக்கும்போது, தமிழில் தொடர்ந்து எழுதுகிற, பேசுகிற தனி ஆட்களுக்கும் சில இடம் ஒதுக்கட்டும். காலி பிரஸ் பாக்ஸை வைத்து யாருக்கு என்ன லாபம்? வருகிறவர் முழு ஆட்டமும் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்கட்டும். சேனல் நடத்தும் நண்பர்கள், எந்தச் செய்தியை வைத்துப் பேசுகிறீர்களோ அதை எழுதிய ரிப்போர்ட்டர் பெயரை முதல் நிமிஷத்திலேயே சொல்லுங்கள், லிங்கை டிஸ்கிரிப்ஷனில் போடுங்கள். பத்திரிகை டெஸ்கில் இருக்கும் நண்பர்கள், வைரல் என்று எழுதும் இடத்தில் ஆள் பெயரை எழுதுங்கள். இந்தப் பதிவைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்து மாவட்ட அளவு ஆட்டங்களுக்கு நேரில் போய்ச் செய்தி எடுக்கிற யாராவது இருந்தால், பத்திரிகையோ பிளாக்கோ, அவர்கள் பக்கத்தைக் கீழே கமெண்டில் போடுங்கள். நான் எல்லோரையும் பின்தொடரப் போகிறேன்.