வேரைப் பார்க்காமல் பிடுங்கிய செடிகள்

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வில் என் அக்கா மகன் தேறவில்லை என்று தெரிந்த அன்று, வீட்டுக்கு வந்த உறவினர்கள் அத்தனை பேரும் தோல்விதான் வெற்றிக்கு முதல் படி என்று அவனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். மதிப்பெண் எங்கே போனது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த ஆறுதலில் எனக்கு நம்பிக்கை அற்றுப்போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குக் காரணம் என் மல்லிகைத் தோட்டம்.

2013ஆம் ஆண்டு மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எனக்கும் பூ விவசாயத்தில் ஆசை பிறந்தது. உசிலம்பட்டிக்கு அருகே, அதுவரை கத்தரி பயிரிட்டு வந்த எங்கள் அரை ஏக்கரில் தங்கச்சிமடத்து நாற்றுகளை வாங்கி நட்டேன். இரண்டாம் ஆண்டில் இலைகள் மஞ்சளாயின. இரும்புச் சத்துக் குறைவு என்று பலரும் சொன்னதால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாதந்தோறும் தெளித்தும் பயனில்லை. செடிகளைப் பிடுங்கி எரித்தேன், வேரைத் திரும்பியும் பார்க்காமல். பிறகு, அதுதான் விடாமுயற்சி என்று நம்பி, அதே மண்ணில் மறுபடியும் நட்டேன். மறுபடியும் மஞ்சள்.

மல்லிகை மஞ்சளாக மூன்று காரணங்கள் உண்டு: இரும்புச் சத்துக் குறைவு, வேரழுகல், வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. இலையை மட்டும் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. இரண்டாவது முறை ஒரு செடியை வேரோடும் மண்ணோடும் மதுரை வேளாண் கல்லூரிக்கு எடுத்துச் சென்றபோதுதான், வேரெங்கும் முடிச்சு முடிச்சாக இருப்பதைக் காட்டினார்கள். கத்தரி வேரில் பெருகும் அதே நூற்புழுதான். ஆண்டுக்கணக்காக நானே அந்த நிலத்தில் அதை வளர்த்து வைத்திருந்தேன். அதன் பிறகு நூற்புழுவை அடக்க அங்கே செண்டுப்பூ போட்டு, வேப்பம்புண்ணாக்கு இட்டு, மண் தேறிய பின்பே மல்லிகைக்குத் திரும்பினேன். இப்போது மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு என் பூவும் போகிறது.

முதல் தோல்வி எனக்கு எதையுமே கற்றுத்தரவில்லை என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். பிடுங்கிய அன்று ஒரு வேரைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால், இரண்டு ஆண்டு உழைப்பும் என் மனைவி அடகு வைத்த நகையும் மிஞ்சியிருக்கும். தேறாத பிள்ளையை, ஏன் தேறவில்லை என்று பாராமல், அதே தனிப்பயிற்சிக்கு அதே பாடங்களை மனப்பாடம் செய்ய அனுப்பும் பெற்றோரைக் காணும்போதெல்லாம் அந்த அரை ஏக்கர்தான் என் நினைவுக்கு வருகிறது.

ஆகவே அக்கா மகனுடைய விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கினோம். எழுதிய கணக்குகளில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. கடைசிப் பகுதியின் நெடுவினாக்களை அவன் தொடவே இல்லை. நேரம் போதவில்லை என்றான். கணக்கு வரவில்லை என்று நாங்கள் எல்லோரும் அவனைக் குறைசொல்லிக்கொண்டிருந்தோம். துணைத்தேர்வுக்கு இப்போது கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, நெடுவினாக்களிலிருந்து தொடங்கி எழுதிப் பழகுகிறான்.