சாவி வாங்கிய பிறகும் பணம் கேட்கலாம்

சுற்றுலா போன இடத்தில் நாள் வாடகைக்கு எடுக்கும் வீட்டைப் பற்றி, “சாவி கைக்கு வந்துட்டா வீடு எப்படிக் கிடந்தாலும் நம்ம பாடு, ஒரு பைசா திரும்பாது” என்று மேலே எழுதியிருப்பது தப்பு அண்ணாச்சி. ஏர்பிஎன்பி என்கிற வாடகை வீட்டுச் செயலியில் எடுத்த வீடு என்றால், குறையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி, சாவி வாங்கியதோடு எதுவும் முடிந்துவிடாது.

போன சாரலுக்குக் குற்றாலத்தில் போனில் பேசி எடுத்த வீட்டில் தலையணை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு (முந்தைய கூட்டம் அருவிக்குத் தேய்த்த எண்ணெயோடு வந்து படுத்திருக்கும் போல), பாத்ரூமில் கொத்தாக முடி. அத்தை விளக்குமாற்றைத் தேடி எடுத்துவிட்டார், நான்தான் தடுத்து முதலில் படம் எடுத்தேன், பெருக்கித் தள்ளிவிட்டால் அப்புறம் காட்ட என்ன இருக்கும்? வாட்ஸப்பில் படம் போனதும் விரிப்பு மாறியது, துப்புரவுக்கென்று வாங்கிய 500 ரூபாயும் திரும்பி வந்தது.

வீட்டுக்காரர் மசியவில்லையா, நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருஷத்துக்குள் போகலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. ரசீதையும் வாட்ஸப்பில் பேசியதையும் மட்டும் அழித்துவிடாதீர்கள்.