ஊரை விட்டுப் போனவருக்கு ஓட்டு இல்லையாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் 26 ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கும் ஆலயச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிக்கை சென்ற வாரம் வந்தது. கணக்கறிக்கைக்கும் செயலவைத் தேர்தலுக்கும் நடுவே ‘சட்டவிதித் திருத்தம்’ என்று இரண்டே சொற்கள். செயலாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது: சந்தா பாக்கி உள்ளவர், சேர்ந்து ஓராண்டு ஆகாதவர், ஊரை விட்டு வெளியே குடியிருப்பவர் ஆகிய மூவருக்கும் இனி வாக்குரிமை கிடையாது.

இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதைத்தான் முதலில் ஆட்சேபிக்கிறேன். ஓராண்டு விதிக்கு நானே கை தூக்குவேன். தேர்தலுக்கு முந்திய வாரத்தில் வேன் வைத்து ஆள் திரட்டி, மனுப் பாரத்தில் கையெழுத்து வாங்கியதை இதே மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். சந்தா கட்டாதவர் வாக்களிக்கக் கூடாது என்பதிலும் நியாயம் உண்டு; ஆனால் பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்காமல், கூட்ட வாசலில் வைத்துச் சொல்வது நியாயமாகாது. மூன்றாண்டுகளுக்கு முன், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மா, பாக்கியிருந்த 12 வெள்ளியை (ரிங்கிட்) முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து நீட்டியபோது, ரசீதுப் புத்தகம் வீட்டில் இருக்கிறது என்று பொருளாளர் மறுத்துவிட்டார். அன்று அதே வாசலில் வேறு இருவர் பாக்கியைக் கட்டி, வாக்குச் சீட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த அம்மா கடைசி வரிசையில் அமர்ந்து, வாக்கெடுப்பு முடியும்வரை வேடிக்கை பார்த்தார்.

மூன்றாவது விதியை என்னால் ஏற்கவே முடியவில்லை. வெளியூரில் இருப்பவருக்கு அன்றாட நிர்வாகம் தெரியாது, தேர்தலன்று மட்டும் பேருந்து பிடித்து வருகிறார்கள் என்று செயலவையினர் சொல்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அவர்கள் ஏன் வெளியூரில் இருக்கிறார்கள்? ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, தோட்டங்கள் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்யச் சொன்னபோது ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் பிழைப்புத் தேடிப் போனவர்கள் அவர்கள். திருவிழா உபயத்துக்கும் திருப்பணிக்கும் நன்கொடைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாம் முதலில் போவது அவர்கள் வீட்டுக்குத்தான். (பொருளாளர் அங்கெல்லாம் ரசீதுப் புத்தகத்தை மறப்பதில்லை.)

மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்களைத் தொழிலாளர்களே கூட்டாக வாங்குவதற்காக 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், மாதம் பத்து வெள்ளி என்று கட்டி உறுப்பினரானவர்கள் நாடெங்கும் பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த தொழிலாளர்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை விதி. நம் ஆலயச் சங்கம் வேறு வகை அமைப்பு, அதன் சட்டமும் வேறு. இருந்தாலும் பணத்துக்குக் கணக்கில்லாத தூரம் வாக்குக்கு மட்டும் எப்படிக் கணக்கானது என்று இந்த ஊரில் இருந்துகொண்டு கேட்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, பொதுக்கூட்டம் விதித் திருத்தத்தை நிறைவேற்றினாலும், முடிவெடுத்த 60 நாள்களுக்குள் சங்கங்களின் பதிவாளரிடம் விண்ணப்பித்து, அவருடைய ஒப்புதல் கிடைத்த பிறகே அது நடப்புக்கு வரும். செயலாளரோ, காலையில் திருத்தம், பிற்பகலில் தேர்தல், தேர்தலுக்கே புதிய விதி என்கிறார். அப்படியானால் கிள்ளானிலிருந்து வரும் உறுப்பினர் காலையில் வாக்களிக்கலாம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் வாக்களிக்க முடியாது!

மூன்று விதிகளையும் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விட வேண்டும், திருத்தத்தின் முழு வாசகத்தையும் எல்லா உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். “கூட்டத்துலயே பேசிக்கலாம் அண்ணே” என்றார் செயலாளர். கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. விசாரித்ததில், கிள்ளானில் இருக்கும் நான்கு குடும்பங்களுக்கு அறிவிக்கையே போகவில்லை. என்னிடமிருந்த தாளைப் படமெடுத்து நேற்றிரவு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன்.