மானை விட்டுத் தள்ளி நில்லுங்கள்

அக்டோபரில் லண்டன் ரிச்மண்ட் பூங்காவின் செம்மான்களுக்கு இணைசேரும் காலம். பெரணிப் புதர்கள் செம்பழுப்பாகி, விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஆண் மான் கத்தும்போது வாயிலிருந்து ஆவி பறக்கும். படமெடுக்க அருமையான வெளிச்சம்தான், சரி. அதற்காக ஒரு மானைச் சுற்றி இத்தனை பேர் வளைத்துக்கொண்டு நிற்பதா? குறைந்தது 50 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். தூரத்திலிருந்தே பெரிதாகப் படமெடுக்கும் 600 எம்எம் லென்ஸ் வைத்திருப்பவரே இன்னும் நாலடி முன்னால் போகிறார். அவரைப் பார்த்துச் செல்போன்காரர் அதைவிடக் கிட்டே. மான் திரும்பிப் பார்க்க விசில் வேறு! இந்த வாரங்களில் ஆண் மான்கள் சரியாக மேய்வதே இல்லை, உடம்பிலுள்ள கொழுப்பைக் கரைத்துத்தான் சண்டை போடுகின்றன. அப்போது போய் விரட்டி ஓடவைத்தால் குளிர்காலத்தை எதை வைத்துத் தாங்கும்? லென்ஸ் எட்டவில்லையென்றால் படத்தில் மான் சின்னதாகவே இருக்கட்டுமே.