மதுரைக்குப் போய் கோபி மஞ்சூரியனா?

சுற்றுலா பேக்கேஜ்காரர்களே, எங்களுக்கும் வயிறு இருக்கிறது. அது ஊருக்கு ஊர் வேறு எதையாவது கேட்கும். மதுரையைக் காட்டுகிறோம் என்று அழைத்துப்போய் பைபாஸில் ஒரு ஏசி ஹோட்டலில் இறக்கிவிடுகிறார்கள். மெனுவைப் பிரித்தால் கோபி மஞ்சூரியன், பன்னீர் பட்டர் மசாலா, நூடுல்ஸ். இதைத் தின்ன மதுரை எதற்கு? (டிரைவருக்கு அங்கே சாப்பாடு இலவசம் என்பது தனிக்கதை.)

ஊருக்குள் என்னென்ன இருக்கிறது! முட்டை ஊற்றி, மேலே மட்டன் கொத்துக்கறியைப் பரப்பித் திருப்பிப் போட்ட கறிதோசை. பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் வெல்லமும் சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சி, தேங்காய்த் துருவல் தூவித் தரும் பருத்திப்பால். சுண்டக் காய்ச்சிய பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் சேர்ந்த ஜிகர்தண்டா. இதையெல்லாம் தெருவோரம் நின்றுகொண்டே சாப்பிடுவதுதான் சுகம். கேட்டால், "டைம் இல்லை சார், சுத்தமாவும் இருக்காது" என்கிறார் கைடு.

சரி, மத்தியானம் நடை சாத்தியிருக்கும் நேரமாகப் பார்த்து மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அப்போதாவது விட்டிருக்கலாமே? ஊஹூம். சுங்குடிச் சேலைக் கடைக்குள் தள்ளிவிட்டார்கள். அதற்கு மட்டும் டைம் தாராளமாக இருந்தது.