முழங்கால் தண்ணீர்

அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் வாட்ஸப் வைத்திருக்கிறவர்களுக்கு இதற்குள் நாலு தடவையாவது வந்திருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் குளத்துப் படித்துறையில் நிற்கிறார்கள். மூன்று பேர் முழங்கால் தண்ணீரில், கையில் டீ அரிப்பு, அதாவது டீ வடிகட்டி. பின்னால் ஒரு குரல்: "பாத்துக்கிடுங்க, பள்ளிக்கூடத்துல இதான் நடக்கு." அரை நிமிஷம்கூட இல்லை. அதற்கு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன டீச்சரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது.

முழங்கால் தண்ணீர். இடுப்பளவுகூட இல்லை.

டீ அரிப்பு எதற்கு என்று ஒருத்தராவது கேட்டீர்களா? கரையோரப் பாசிக்குள் அரிப்பை விட்டு அலசி, வந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினால், ஒரு நிமிஷத்தில் தட்டு உயிரோடு நகரும். தட்டான் குஞ்சு இருக்கும். பார்க்க அவலட்சணமாக இருக்கும், ஆனால் கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும். ஆண்டுதோறும் டெங்கு சுவரொட்டி வரைந்து பரிசு வாங்குகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அப்புறம் ஒரு வெள்ளை மூடியில் கறுப்புப் பெயிண்ட் பாதி அடித்து, முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, எத்தனையாவது முடிச்சில் மூடி கண்ணுக்கு மறைகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். தண்ணீர் எவ்வளவு கலங்கல் என்பதற்கு அதுவே அளவு. செலவு ஐம்பது ரூபாய் வராது. அந்த டீச்சர் செய்தது இதுதான். தண்ணீரைத் தொடாமல் தண்ணீரைப் பற்றிப் படிப்பிக்க முடியாது. இதை நான் இன்னும் பத்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒரு காலத்தில் தொடாமல் படிப்பித்தவன்தான். 2010 வாக்கில், ஒரு பரீட்சையில் ஆறு கடலோடு சேருமிடத்தின் பெயர் கேட்டிருந்தேன். நான் எதிர்பார்த்தது 'முகத்துவாரம்'. மணக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் 'பொழி' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் சுழித்துச் சுழியம் போட்டேன். மறுநாள் அவன் பேப்பரை நீட்டிக்கொண்டு நின்றான். "சாரே, இது பொழிதானே?" அழவில்லை, சண்டையும் போடவில்லை. கேட்டான், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமையே என்னை மணக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். பழையாறு கடலில் விழுகிற இடத்தில் மணல் திட்டு ஏறி வழி அடைந்து கிடந்தது. "இப்பம் பொழி அடைஞ்சு கிடக்கு. மழை பெஞ்சு ஆத்துல தண்ணி ஏறுனா முறியும். முறியலைன்னா வெட்டி விடுவாவ." உள்ளே தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னான். லேசான உப்பு. கடல் உள்ளே வந்து போகிற நாளில் உப்பு கூடும் என்றான். பன்னிரண்டு வயது. நான் எம்.எஸ்.ஸி. படித்தவன். மார்க்கைத் திருத்திக் கொடுத்தேன், அது என்ன பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

சரி, பாம்பு இருக்கும், அட்டை இருக்கும், ஆழம் இருக்கும் என்கிறீர்கள். இருக்கும். அதனால்தான் ஆழம் தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் கூட வர வேண்டும், பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும், கயிறு வேண்டும், வீட்டிலிருந்து கையெழுத்து வேண்டும், மழை பெய்த மறுநாள் இறங்கவே கூடாது. அந்த டீச்சர் இதையெல்லாம் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள், போக விடாதீர்கள் என்று சொல்லாதீர்கள். இதே பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை இதே குளத்தில் பெரியவர் யாரும் இல்லாமல் குதிக்கிறார்கள். சுற்றுலா என்று ராத்திரி முழுக்க பஸ்ஸில் அடைத்துக்கொண்டு தீம் பார்க்குக்குப் போனபோது யாரும் வீடியோ எடுக்கவில்லை.

பறவைகளுக்குத் தொந்தரவு என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அது நியாயம். கூடு கட்டுகிற காலத்தில் போகக் கூடாது, நாற்பது பேர் சேர்ந்து கத்தக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். கட்டட இடிபாட்டை லாரியில் கொண்டுவந்து குளத்தில் தட்டும்போதும் அவர் இதே அக்கறையோடு வருவார் என்று நம்புகிறேன்.

மார்க் போய்விடும் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நல்லா இருங்க.

நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்தில் குளம் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். 2022-இல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கும் வேம்பனூருக்கும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது ஸ்டேட்டஸ் வைக்காதவர் யார்? நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற பஸ் சுசீந்திரம் குளத்துக்கு நடுவில்தான் ஓடுகிறது. பிள்ளைகள் அந்தக் குளத்தைப் பார்ப்பது பஸ் ஜன்னல் வழியாக. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வழக்கறிஞர் எம்.சி.மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1991-இல். பத்து வருஷம் கழித்துப் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை என்று பிள்ளைகளுக்கான சுற்றுச்சூழல் மன்றம் வந்தது. வந்து என்ன? சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று ஒரு மரக்கன்று, பத்துக் கைகள், ஒரு போட்டோ. மறு வருஷம் அதே குழி.

இதில் ஆசிரியர்களைத் திட்டுவது சுலபம். அவர்களை யார் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்? ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். தலைப்பு ஈரநிலப் பாதுகாப்பு. ஏ.சி. அறை, திரையில் ஏதோ வெளிநாட்டுச் சதுப்புநிலம், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர். ஜன்னல் திரையை விலக்கினால் வெளியே குளம். வெளிச்சம் அடிக்கிறது என்று திரையை இழுத்து மூடிவிட்டார்கள்! டீ இடைவேளையில் நான் மட்டும் கரைக்குப் போனேன், பின்னாலேயே ஒரு டீச்சரும் வந்தார். "சார், அது கொக்கா?" நத்தைகுத்தி நாரை. மூடினாலும் இடைவெளி விட்டு நிற்கிற அதன் அலகையும், அது நத்தையை ஓட்டிலிருந்து உருவுகிற லாவகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றோம். உள்ளே அடுத்த வகுப்பு ஆரம்பித்ததே தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக உயிரியல் எடுக்கிறாராம். "இவ்வளவு நாளும் படத்துல வெச்சே ஓட்டிட்டேன் சார்" என்றார். நானும் அப்படி ஓட்டியவன்தான் என்று அவரிடம் சொன்னேன்.

வீடியோ எடுத்தவர்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. பயந்திருப்பார். கடிதம் அனுப்பியவர்கள்மேல்தான். ஏனென்றால் எனக்குக் கடிதம்கூட வரவில்லை. 2019-இல் ஒரு மாலை, அப்போதைய தலைமையாசிரியர் டீ வாங்கிக் கொடுத்து, மிக அன்பாக, "சார், நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். நான் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வருஷம் கொரோனா, பிறகு அது நல்ல சாக்காகப் போயிற்று. அந்த டீச்சருக்கு என்னைவிடத் தைரியம் அதிகம். அதுதான் உறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டு மச்சில் ஒரு அட்டைப்பெட்டி கிடக்கிறது. பன்னிரண்டு டீ அரிப்பு, ஆறு வெள்ளைத் தட்டு, நாலு லென்ஸ், முடிச்சுப் போட்ட கயிறு. அந்த டீச்சரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இரண்டு அரிப்பு துருப்பிடித்திருக்கும். மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.