"கவலைப்படாதீங்க" என்று எழுதிய நூற்றுச் சொச்சம் பேருக்கு

முந்தாநாள் அந்தத் தோழியின் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள், விளக்கத் தேவையில்லை. மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்-ரேயில், ஏதோ தெரிகிறது என்று அவரைத் திரும்பக் கூப்பிட்டு, ஊசியால் திசு எடுத்து, "ரிசல்ட் வர ஒன்பது நாள் ஆகும்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "தூக்கம் வரல, என்ன பண்றதுன்னு தெரியல" என்று ரெண்டே வரி எழுதினார். கீழே நூற்றுச் சொச்சம் பேர் அறிவுரை. அதிலும் அதிக லைக் வாங்கியது எது? "பயந்தா இல்லாத நோயும் வந்துடும் சிஸ்டர், பாசிட்டிவா இருங்க." அன்று ராத்திரியே பதிவைத் தூக்கிவிட்டார்.

பொறுமையாகவே சொல்லப் பார்க்கிறேன். ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவரிடம் "கவலைப்படாதே" என்பது ஆறுதல் இல்லை. "உன் கவலை என் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்" என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறோம்.

முதலில் அந்த "இல்லாத நோயும் வந்துடும்" மேதையிடம் ஒன்று. ஊசி உடம்பை விட்டு வெளியே வந்த நொடியிலேயே பதில் முடிவாகிவிட்டது. அதன் பிறகு அவர் சிரித்தாலும் அழுதாலும், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் பாட்டிலில் கிடக்கும் செல் தன் முகத்தை மாற்றிக்கொள்ளாது. பாட்டிலுக்குள் கிடப்பது அவருடைய தைரியத்தை அளக்கப் போவதில்லை. நோய் இருக்கிறது என்று உறுதியானவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2007-இல் ஜேம்ஸ் காய்ன் என்ற உளவியலாளரின் குழு, தலை-கழுத்துப் புற்றுநோய் வந்த ஆயிரத்துச் சொச்சம் பேரை எடுத்துக்கொண்டு, மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதிக நாள் இருந்தார்களா என்று கணக்குப் பார்த்தது. அப்படி ஒரு தொடர்பும் கிடைக்கவில்லை. ஆக, ரிப்போர்ட் மோசமாக வந்தால் "நான் பயந்ததால்தான்" என்று அந்தப் பெண் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ள வழி செய்து கொடுத்திருக்கிறீர்கள். ரொம்ப நல்ல வேலை.

"நல்ல மனசோடதானே சொன்னாங்க, இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று கேட்பீர்கள். சரி, நல்ல மனசுதான். நினைக்காதே என்று சொன்னால் நினைப்பு போய்விடுமா? 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தார். மனதில் ஓடுவதையெல்லாம் ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும் என்றார். மணி ஓயவில்லை. அதைவிட முக்கியம் அடுத்தது: "இப்போது நினைக்கலாம்" என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. வெறும் கரடிக்கே இப்படி. இங்கே இருப்பது மார்பில் ஒரு கட்டி.

காத்திருப்பவரின் பயம் பைத்தியக்காரத்தனமும் இல்லை. 2016-இல் லண்டன் ஆய்வாளர்கள் ஒரு விளையாட்டு வைத்தார்கள். திரையில் கல்லைப் புரட்ட வேண்டும், அடியில் பாம்பு இருந்தால் கையில் ஷாக். கட்டாயம் ஷாக் அடிக்கும் என்று தெரிந்தபோது அல்ல, அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் உள்ளங்கை வியர்ப்பதும் கண்மணி விரிவதும் உச்சத்தில் இருந்தன. தெரிந்த கெட்டதைவிடத் தெரியாதது உடம்பை அதிகம் உலுக்கும். அந்த ஒன்பது நாளில் ஒவ்வொரு நாளும் அவர் அந்தக் கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்படியென்றால் என்ன சொல்வது என்பீர்கள். அந்த ஒன்பது நாளில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

எடுத்த திசு தீக்குச்சியைவிட மெல்லிய சில இழைகள். அவை உடனே 10 சதவீத ஃபார்மலினில் போகும். மார்பகத் திசு என்றால் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால், பின்னால் ஹார்மோன் ஏற்பி (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) செல்லில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை பொய் சொல்லும். இருப்பதை இல்லை என்று காட்டிவிடும். அப்புறம் அதைச் சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, பெரும்பாலும் ராத்திரி முழுக்க ஓடும் இயந்திரத்தில் வைப்பார்கள். படிப்படியாக ஆல்கஹாலின் அடர்த்தியைக் கூட்டித் தண்ணீரை வெளியேற்றி, ஆல்கஹாலை சைலீன் என்ற கரைப்பானால் வெளியேற்றி, கடைசியில் உருகிய மெழுகை உள்ளே ஏற்றுவார்கள். தண்ணீரும் மெழுகும் ஒட்டாது, அதனால்தான் இந்தச் சுற்று வழி. மெழுகுக் கட்டியை ஆறவைத்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் நாலு மைக்ரான் அளவுக்குச் சீவ வேண்டும். தலைமுடியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மெல்லிய சீவல். அது வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கும்போது சுருக்கம் விழாமல் கண்ணாடிச் சில்லில் ஏந்தி எடுத்துக் காயவைப்பார்கள். செல்லின் கரு ஊதாவாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியச் சாயம் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் நோய்க்குறியியல் மருத்துவரின் கண்ணுக்கே போகிறது.

இதில் எது வேண்டுமானாலும் நாளை இழுக்கும். மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளி தெரிந்ததால் திசு எடுத்திருக்கிறார்கள், சில்லில் அந்தப் புள்ளியைக் காணோம் என்றால், மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவிப் பார்ப்பார்கள். சந்தேகம் என்றால் சிறப்புச் சாயம், அதற்குத் தனியாக ஓரிரு நாள். இன்னொரு மருத்துவர் பார்க்கட்டும் என்றால் மேலும் ஒரு நாள். எலும்பு என்றால் முதலில் அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பைக் கரைக்கவே நாள் கணக்கு. நடுவில் ஒரு விடுமுறை வந்தாலும் போச்சு. "லேட்டானா கெட்ட செய்தி" என்று ஒருத்தர் அங்கே எழுதியிருந்தாரே, அவர் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்.

"இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா பயம் இன்னும் கூடாதா?" இது நியாயமான கேள்விதான். சிலருக்குக் கூடும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடுங்கள். ஆனால் அவர் "என்ன பண்றதுன்னு தெரியல" என்று எழுதினார். தெரியவில்லை என்றவரிடம் தெரிந்ததைச் சொல்வதில் என்ன ஆபத்து?

இன்னொரு வகை உண்டு. "ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்களா? அலட்சியம்! உடனே வேற டாக்டரைப் பாருங்க" என்று கொளுத்திப் போடுகிறவர்கள். நுரையீரலில் 6 மி.மீ. திட்டு என்று வையுங்கள். நுரையீரல் திட்டுகளுக்காக ஃபிளைஷ்னர் சங்க மருத்துவர்கள் தந்த 2017-இன் வழிகாட்டுதலில், ஒற்றையாகத் தெரியும் 6 முதல் 8 மி.மீ. வரையிலான கெட்டித் திட்டுக்கு அடுத்த சிடி ஸ்கேன் 6 முதல் 12 மாதத்தில். இதில் சோம்பேறித்தனம் ஒன்றும் இல்லை, கணக்குதான் இருக்கிறது. கெட்டியான புற்றுத்திட்டு பெரும்பாலும் கனஅளவில் இரட்டிப்பாக 100 முதல் 400 நாள் எடுக்கும். கனஅளவு இரட்டித்தாலும் குறுக்களவு கால் பங்குதான் கூடும். 6 என்பது 7.6 ஆகும். அடுத்த மாதமே ஸ்கேன் எடுத்தால் 6 என்பது 6.3 ஆகியிருக்கலாம், அவ்வளவுதான். அளக்கும்போதே ஒன்றரை மி.மீ. வரை முன்னே பின்னே போகும். அந்த ஸ்கேன் உங்களுக்குக் கதிர்வீச்சையும் இன்னொரு "தெளிவில்லை"யையும்தான் தரும். (முன்பே புற்றுநோய் வந்தவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள், 35 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்கட்டும்.) மேமோகிராம் ரிப்போர்ட்டில் பை-ராட்ஸ் (சந்தேகம் எவ்வளவு என்று காட்டும் எண்) 3 என்று போட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொல்வதும் இப்படித்தான்: புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று பொருள். பை-ராட்ஸ் 0 என்றால் "படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும்". பூஜ்யத்தைப் பார்த்து "ஒன்னுமில்லை" என்று வாழ்த்துச் சொன்னவரையும் அங்கே பார்த்தேன்.

இப்போதெல்லாம் மருத்துவருக்கு முன்னால் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடுகிறது. அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு. தெரிந்த ஒரு வீட்டில் பெரியவரின் ரத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6.1, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். வீடே விழித்திருந்தது. ஐந்து பேர் ஐந்து போனில் தேடி, ஆளுக்கொரு நோயைக் கண்டுபிடித்தார்கள். யாரும் அவசர எண்ணுக்குப் போன் போடவில்லை! பொட்டாசியம் அவ்வளவு காட்டினால் தூங்கவும் கூடாது, தேடவும் கூடாது. உடனே பேசி, திரும்ப எடுக்க வேண்டும். மறுநாள் காலை திரும்ப எடுத்தபோது 4.3, இயல்புதான். ரத்தம் எடுத்த குழாயில் சிவப்பணு உடைந்து, அதற்குள் இருந்த பொட்டாசியம் வெளியே கொட்டியிருக்கிறது.

நட்சத்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "இயல்பு அளவு" என்பது ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் அடங்கும் எல்லை. மீதி ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்கள்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 சோதனை எடுத்தால், எந்தக் குறையும் இல்லாதவருக்கும் ஒரு நட்சத்திரமாவது விழும் வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம். மறுசோதனை எதற்கு என்று இப்போது புரிகிறதா? அந்த மறுசோதனையையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் வைட்டமின் மாத்திரை போடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தைராய்டு சோதனை செய்யும் பல கருவிகளில் அது டிஎஸ்எச், டி4 என்ற ஹார்மோன்களில் டிஎஸ்எச்-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டி, இல்லாத தைராய்டு நோயை உண்டாக்கிவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் நிறுத்தச் சொல்வார்கள். பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் ரத்தச் சோதனை பார்க்கும் ஆண்களுக்குச் சிறுநீர்த் தொற்று இருந்திருந்தால் ஆறு வாரமாவது போகட்டும். முந்தைய 48 மணி நேரத்தில் நீண்ட சைக்கிள் ஓட்டமும் உடலுறவும் வேண்டாம். செல்கள் சர்க்கரையை எங்கே அதிகம் இழுக்கின்றன என்று பார்க்கும் பெட் ஸ்கேனுக்கு முதல் நாள் கடும் உடற்பயிற்சி செய்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். பதற்றத்தைத் தணிக்கிறேன் என்று முந்தின நாள் ஓடப் போகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

கவலையை என்ன செய்வது? ஒழிக்க முடியாது. கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர், கலிஃபோர்னியா வழக்கறிஞர் தேர்வு முடிவுக்கு நாலு மாதம் காத்திருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார். அவர்கள் கையாண்ட உத்திகள் தவிப்பைப் பெரிதாகக் குறைக்கவில்லை. தவித்துத் தவித்துக் காத்திருந்தவர்கள்தான் கெட்ட முடிவு வந்தபோது ஓரளவு நன்றாகத் தாங்கினார்கள். அது தேர்வு, இது உடம்பு, ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் காத்திருப்பின் தொடக்கத்திலும் கடைசியிலும் பதற்றம் ஏறும், நடுவில் கொஞ்சம் இறங்கும் என்பது தெரிந்திருந்தால், எட்டாவது நாள் திடீரென்று நெஞ்சு அடைக்கும்போது "எனக்கு என்னமோ ஆகப்போகுது, அதான் உள்மனசு சொல்லுது" என்று முடிவுகட்ட மாட்டீர்கள்.

ஒழிக்க முடியாததற்கு நேரம் ஒதுக்கலாம். 1983-இல் போர்கோவெக் என்ற உளவியலாளரின் குழு சோதித்த முறை இது: தினமும் ஒரே நேரம் (சாயங்காலம் அஞ்சரை என்று வையுங்கள்), ஒரே நாற்காலி, அரை மணி நேரம் கவலைப்படுங்கள். மற்ற நேரத்தில் கவலை எட்டிப் பார்த்தால் ஒரு தாளில் ரெண்டு வார்த்தை குறித்து "அஞ்சரைக்கு" என்று தள்ளுங்கள். அஞ்சரைக்கு உட்கார்ந்து, அதில் நம்மால் செய்யக்கூடியதை ஒரு பக்கமும் முடியாததை மறுபக்கமும் எழுதுங்கள். இது பலிக்காமல் போவது பெரும்பாலும் மூன்று இடத்தில்: படுக்கையில் படுத்துக்கொண்டு செய்வது, தூங்கப் போகும் முன் செய்வது, அந்த அரை மணியைப் போனில் தேடுவதற்குச் செலவழிப்பது. முதல் ரெண்டு நாள் கவலை சொன்ன பேச்சைக் கேட்காது, விட்டுவிடக் கூடாது. ராத்திரி இருபது நிமிடத்துக்கு மேல் புரண்டால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். பல நாள் தூக்கமே இல்லை, மூச்சு முட்டுகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் வைத்தியம் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால், திசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: என்ன தேதிக்குள் வரும், யார் சொல்வார்கள், போனிலா நேரிலா, அந்தத் தேதி தாண்டினால் எந்த எண்ணுக்குப் பேசுவது, நடுவில் என்ன மாதிரித் தொந்தரவு வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும். "தகவல் வரலைன்னா நல்லதுன்னு அர்த்தம்" என்று மட்டும் நம்பாதீர்கள். தகவல் வராததற்கு, ரிப்போர்ட் யாருடைய மேசையிலோ கவிழ்ந்து கிடப்பதும் காரணமாக இருக்கலாம். தேதி தாண்டிய மறுநாள் காலையில் போன் போடுங்கள். தொந்தரவு என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இதில் எதையாவது ஒன்றை, ஒரே ஒன்றை, அந்த நூற்றுச் சொச்சத்தில் யாராவது எழுதினார்களா? "என்னைக்கு ரிசல்ட்? கூட யார் வர்றாங்க?" என்று யாராவது கேட்டார்களா? ஒருத்தர் "நீ போராளி" என்றார். ஒருத்தர் கைகூப்பும் படம் போட்டார். ஒருத்தர் தன் சித்தி செத்த கதையை நாலு பத்திக்கு எழுதிவிட்டுக் கடைசியில் "ஆனா உங்களுக்கு ஒன்னும் ஆகாது" என்றார். பதிவைத் தூக்கிய பிறகு, "ஏன் தூக்கினாங்க? நாங்க என்ன தப்பாச் சொல்லிட்டோம்?" என்று கோபித்துக்கொண்டவர்கள் வேறு. பயத்தைச் சொல்லவும் உங்களிடம் அனுமதி வாங்க வேண்டும், பயப்படாமலும் இருக்க வேண்டும், உங்கள் அறிவுரைக்கு நன்றியும் சொல்ல வேண்டும். நோயாளிக்கு எவ்வளவு வேலை பாருங்கள்.

ஒன்பதாவது நாள் வரும் புதன்கிழமை. அன்று காலை அவருக்கு "ரிசல்ட் வந்துச்சா?" என்று யாரும் மெசேஜ் அனுப்ப வேண்டாம். அறைக்குள் கூடப் போய் உட்கார்ந்து, மருத்துவர் சொல்வதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்தப் படபடப்பில் அவர் காதில் பாதிதான் விழும். அந்த ஆளாக வர முடிகிறவர்கள், அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். மற்றவர்கள் இங்கே கீழே வந்து "பாசிட்டிவ்" என்று எழுதினால் அழித்துவிடுவேன்.